இருபத்தேழு கோடி கீப்பர்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நாங்கள் ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடிய காலத்தில் ஆள் பிரிக்க ஒரு முறை உண்டு. உத்தி பிரிப்பது. இரண்டு பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு மதில் ஓரமாகப் போய், ரகசியமாகப் பேர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "மல்லிப்பூ வேணுமா, மாம்பழம் வேணுமா?" என்று கேப்டனைக் கேட்பார்கள். மாம்பழம் என்று ஆசையாகக் கேட்டால், பேட்டைத் துடைப்பக்கட்டை மாதிரி பிடிக்கிற ஒருத்தன் வந்து நிற்பான். ஒன்றும் செய்ய முடியாது. கேட்டது நீ!

அந்த வயதோடு இது முடிந்தது என்று நினைத்திருந்தேன். 2025 மார்ச்சில், ஐ.பி.எல். தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ராஜகோபுரத்தைப் பார்த்தபடி எட்டு ஆபீஸ்காரர்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து மறுபடி உத்தி பிரித்தோம். இதற்கு இப்போது 'டிராஃப்ட்' என்று பேர்.

விஷயம் சுலபம். ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்கள். ஒரு கீப்பர், இரண்டு பேட்ஸ்மேன், இரண்டு பௌலர். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. ரன்னுக்கு ஒரு புள்ளி, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12. சீசன் முடியும்போது யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்தார்.

"ஜெயிச்சா என்ன?" என்றார் ஹெட் கிளார்க் சார்.

"ஆளுக்கு ரெண்டாயிரம் போடுவோம். பதினாறாயிரம். ஜெயிச்சவருக்கு மொத்தமும்" என்றேன் உற்சாகமாக.

அக்கவுண்ட்ஸ் மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆடிட் சமயத்தில் வவுச்சர் இல்லாத செலவைப் பார்க்கிற பார்வை. "பணம்னா நான் இப்பவே கிளம்பறேன். நெய் ரோஸ்ட், காபி. அதுக்கு மேல பேச்சு இல்லை."

லால்குடித் தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் லால்குடியிலிருந்து ரயிலில் வந்து போகிற பையன். எங்கள் செக்‌ஷனில் இருப்பதிலேயே சின்னவன். அவன் ஏன் சொம்பைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சீட்டு குலுக்கினோம். எனக்கு ஒன்றாம் நம்பர்! தம்பிக்கு எட்டு, அதாவது கடைசி. முதல் சுற்று ஒன்றிலிருந்து எட்டுக்குப் போகும். அடுத்த சுற்று எட்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து.

"யாரை எடுக்கறீங்க சார்?"

இதென்ன கேள்வி? நாலு மாதம் முன்னால் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் லக்னோ அணி ரிஷப் பந்த்துக்குக் கொடுத்தது 27 கோடி. ஐ.பி.எல். சரித்திரத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. கோடி கொடுக்கிறவன் முட்டாளா? தவிர அவர் கேப்டன், கீப்பர், பேட்ஸ்மேன். ஒரே டிக்கெட்டில் மூன்று படம்.

"ரிஷப் பந்த்!" என்று அறிவித்தேன், மாம்பழம் கேட்ட அதே குரலில்.

உடனே கீப்பர் பஞ்சம் வந்துவிட்டதைப் போல ஒரு பதற்றம். ஹெட் கிளார்க் சார் கொஞ்சமும் யோசிக்காமல் "தோனி" என்றார். "சார், வயசு நாற்பத்து மூணு. கடைசி ரெண்டு ஓவருக்குத்தான் பேட்டிங் வர்றார்" என்று யாரோ நியாயம் பேச, "உங்க அப்பாவுக்கு வயசாச்சுன்னு வேற அப்பாவைத் தேடுவியா?" என்றார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை. மேடம் அமைதியாக பட்லரை எடுத்தார். இன்னொருத்தர் கே.எல். ராகுல். இன்னொருத்தர் சஞ்சு சாம்சன்.

தம்பியின் முறை வந்தது. எட்டாவதும் அவன்தான், ஒன்பதாவதும் அவன்தான்.

"சாய் சுதர்சன். அப்புறம் ஷ்ரேயஸ் அய்யர்."

"கீப்பர்?" என்றேன் அனுதாபத்தோடு.

"கீப்பர் கடைசில பாத்துக்கலாம்ண்ணே. டீம் பத்து இருக்கு, டீமுக்கு ஒரு கீப்பராவது நிப்பாரு. நாம எட்டுப் பேருதான். யாராவது மிச்சம் இருப்பாங்க. ஆனா எல்லா மேட்ச்சும் ஓப்பனிங் இறங்கி நின்னு ஆடுற ஆளு மிச்சம் இருக்க மாட்டான்."

காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கியவர்களுக்கு இது புரியும். கத்திரிக்காய் சாயங்காலம் வரைக்கும் கிடைக்கும். நல்ல முருங்கைக்காய் விடிந்தால் இருக்காது. முதலில் எதை வாங்குவது? எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் மார்க்கெட்டுக்குப் போவது என் மனைவி.

சாய் சுதர்சன் பேரிலும் தம்பிக்கு ஒரு கணக்கு இருந்தது. அவன் டி.என்.பி.எல். மேட்ச் பார்க்க நத்தம் வரைக்கும் பஸ் ஏறிப் போகிறவன். "2022-ல குஜராத் இவரை வாங்கினது 20 லட்சத்துக்குண்ணே. 2023 டி.என்.பி.எல். ஏலத்துல கோவை கொடுத்தது 21 லட்சத்து அறுபதாயிரம். ஐ.பி.எல்.லை விட நம்மூர்ல விலை ஜாஸ்தி. பாத்தவங்களுக்குத் தெரியும்ல?"

நாற்பதாவது ஆளாக, எல்லாரும் ஜமக்காளத்தைச் சுருட்டுகிற நேரத்தில், தம்பி தன் கீப்பரை எடுத்தான். பெங்களூரின் ஜிதேஷ் சர்மா.

"யாரு?" என்றார் ஹெட் கிளார்க் சார்.

* * *

இந்த விளையாட்டின் தாத்தா அமெரிக்காவில் இருக்கிறார். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1963-ல் சில பத்திரிகைக்காரர்களும் கால்பந்துக்காரர்களும் கூடி முதல் டிராஃப்ட் நடத்தினார்கள். அவர்கள் கால்பந்து காலால் ஆடுவதில்லை, பெரும்பாலும் கையால்தான். அதில் குவார்ட்டர்பேக் என்று ஒரு ஆசாமி. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று தீர்மானிப்பவர். நம் கீப்பர் கேப்டன் மாதிரி எல்லாம் அவர் தலையில்தான்.

அந்த முதல் டிராஃப்ட்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. குவார்ட்டர்பேக். இரண்டாவதாகப் போனவர் ஜிம் பிரவுன், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அந்த வருஷம் ஜிம் பிரவுன் ஓடியது 1,863 கெஜம். அதுவரை ஒரு சீசனில் யாரும் அவ்வளவு ஓடியதில்லை! இன்றைக்கும் அங்கே டிராஃப்ட் ஆடுகிறவர்கள் பலர் சொல்கிற புத்தி இதுதான்: குவார்ட்டர்பேக்குக்கு அவசரப்படாதே. ஆளுக்கு ஒருவர்தான் தேவை, கடைசி வரைக்கும் கிடைப்பார். பேரும் விலையும் ஒரு பக்கம். 'இவரை விட்டால் வேறு யார்?' என்பதுதான் கேள்வி.

லால்குடித் தம்பி ஓக்லண்ட் போனதில்லை. மார்க்கெட் போயிருக்கிறான்.

* * *

சீசன் தொடங்கியது. இரண்டாம் நாளே சேப்பாக்கத்தில் தோனி, கண் சிமிட்டுகிற நேரத்தில் சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்தார். திங்கட்கிழமை ஹெட் கிளார்க் சார் "பன்னிரண்டு!" என்று சொல்லிக்கொண்டே படியேறினார். (சீசன் முழுக்க தோனி எடுத்தது 196 ரன். சார் அந்த ஸ்டம்பிங்கை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்.) மேடத்தின் பட்லர் 538 ரன் குவித்துவிட்டு, பிளே ஆஃப் நேரத்தில் இங்கிலாந்து அணிக்கு ஆடப் போய்விட்டார். "லீவு சாங்ஷன் பண்ணினது யாரு?" என்று மேடம் கோபித்துக்கொண்டார்.

என் ஆள்? பந்த் என்றால் கடைகள் மூடியிருக்கும் என்பது தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு ஏனோ தோன்றவில்லை. முதல் பன்னிரண்டு இன்னிங்ஸில் மொத்தம் 151 ரன். ஆபீஸில் எனக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். துக்கம் விசாரிப்பது மாதிரி.

மே 27. லக்னோவுக்குக் கடைசி மேட்ச், பெங்களூருக்கு எதிராக. அன்றைக்கு பந்த் 118, நாட் அவுட்! சதம் அடித்த கையோடு மைதானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டார். நானும் போட்டிருப்பேன், எல்.ஐ.சி. பாலிசி கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பிக்குப் போன் செய்து, "பாத்தியாடா?" என்றேன்.

"பாத்தேண்ணே. சூப்பர்ண்ணே" என்றான், நிஜமான சந்தோஷத்தோடு.

அப்புறம் பெங்களூர் 228 ரன்னைத் துரத்தியது. அன்றைக்கு அவர்களுக்குக் கேப்டன் யார்? 'யாரு?' ஜிதேஷ் சர்மா. 33 பந்தில் 85, நாட் அவுட். ஆட்டம் முடிந்தது. நடுவில் பௌலர் முனையில் அவரை ரன் அவுட் செய்யப் பார்த்தார்கள். மூன்றாவது அம்பயர் இல்லை என்றார். பந்த்தும் அப்பீலை வாபஸ் வாங்கிக்கொள்ள, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். என் கீப்பர் தம்பியின் கீப்பரை விட்டுவிட்டார்!

கணக்கு முடிந்தபோது பந்த் எடுத்தது 269 ரன். ஒரு ரன் பத்து லட்சம். என் பி.எஃப். மொத்தத்துக்கும் ஒரு லெக் பை கிடைக்குமா என்பது சந்தேகம். சாய் சுதர்சன் 759, ஆரஞ்சுத் தொப்பி. ஷ்ரேயஸ் 604. நாற்பதாவது ஆளாக வந்த ஜிதேஷ், முதல் ஆளாக வந்த பந்த்தின் ரன்னுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். ஜூன் 3-ல் பெங்களூர் கோப்பையை வாங்கியது, பதினெட்டாவது சீசனில். எங்கள் கோப்பையை லால்குடி வாங்கியது.

* * *

இப்போது அந்தச் சொம்பு விஷயம்.

இரண்டு வருஷம் முன்னால் தம்பிக்கு இந்த மாதிரி விளையாட்டு ஒன்று பழக்கமானது. போனில், பணம் கட்டி. முதல் வாரம் ஆயிரத்து நூறு ஜெயித்தான். அப்புறம் 49 ரூபாய், 499 ரூபாய் என்று போய், அவன் அம்மா மாதா மாதம் கட்டிச் சேர்த்த ஏலச்சீட்டுப் பணம் 38,000 போயிற்று. அம்மாவுக்குத் தெரிந்த அன்று அவன் ஆபீஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மேடம்தான் லால்குடிக்குப் போய் அழைத்து வந்தார். மாதம் இரண்டாயிரமாக அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆப்பை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தது நான். ஆள் சேர்த்துவிட்டதற்கு எனக்கு நூறு ரூபாய் போனஸ் வந்தது. அந்த நூறு ரூபாயில் என்ன சாப்பிட்டேன் என்றுகூட ஞாபகமில்லை. அப்படிப்பட்டவன்தான் மொட்டை மாடியில் "ஆளுக்கு ரெண்டாயிரம்" என்றேன்.

நெய் ரோஸ்ட் சாப்பிடப் போன அன்று தம்பியிடம் கேட்டேன். "கணக்கு இவ்வளவு தெரியுது. அதுல மட்டும் எப்படிடா தோத்தே?"

"கணக்கு அதேதாண்ணே. இங்க ஏழு பேரு. தோத்தா சிரிப்பீங்க, அடுத்த சீசன்தான். அங்க தினம் ஒரு மேட்ச். எதிர்ல யாருன்னே தெரியாது. நேத்து போனதை இன்னைக்கு எடுக்கணும்னு தோணும். அப்பக் கணக்கு எங்க வருது?" கொஞ்சம் சட்னியைத் தொட்டுக்கொண்டு சொன்னான்: "அதுல ஜெயிச்சப்பகூட பயமாத்தாண்ணே இருந்துச்சு."

ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை வந்தது. 20-ம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 ஜனாதிபதி கையெழுத்து. மூன்றே நாள்! எங்கள் செக்‌ஷனில் ஒரு டியூப் லைட் மாற்ற மூன்று மாதம். மேடம் பேப்பரைத் தம்பி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவன் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அந்த மாதத்து இரண்டாயிரத்தை அம்மாவுக்கு அனுப்பினான். சட்டம் வந்தால் கடன் நிற்காது.

மறுநாள் அவனிடம் ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன்.

"என்னண்ணே இது?"

சொன்னேன். போனஸ் கதையை முழுசாக.

நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தெட்டாயிரத்துல நூறு கழிச்சுக்கறேண்ணே" என்று லால்குடி ரயிலைப் பிடிக்க ஓடினான்.

இப்போது என்னிடம் யாராவது "டிராஃப்ட்டில் முதலில் யாரை எடுக்கலாம் சார்?" என்று கேட்டால், லால்குடித் தம்பியைக் கை காட்டிவிடுகிறேன்.