மோட்டார் இல்லாத மலை

"அண்ணா! இவனை நீயே கேள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போய்விட்டது!" என்று சொல்லிக்கொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் தங்கை வீட்டுக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய புத்திர சிகாமணி வந்து நின்றான். வலது முழங்கையில் பெரிய கட்டு. நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. முகத்தில் மட்டும் புன்னகைக்குக் குறைவில்லை.

விஷயம் இதுதான். என் மருமான் ஒரகடத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வாரத்தில் ஆறு நாள் அவன் கண் முன்னால் மோட்டார் வண்டிகள் பிறந்து, வரிசை வரிசையாக வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. ஏழாவது நாளாவது மோட்டாரின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது அவனுடைய விரதம். அதற்காகவே கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினான். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைத்ததும், சைக்கிளைப் பார்சலில் போட்டுக்கொண்டு ரயிலில் சேலத்துக்குப் போய், ஏற்காட்டு மலையில் ஏறத் தொடங்கினான்.

மலையில் பாதி தூரம் போயிருப்பான். முன்னால் ஒரு பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. அதை முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு மோட்டார், கொண்டை ஊசி வளைவிலேயே ஓரமாகப் பாய்ந்தது. மறு நிமிஷம் சைக்கிள் மேலேயும் மருமான் கீழேயுமாகச் சாலையோரத்துக் கால்வாயில் கிடந்தார்கள். மோட்டார் நிற்கவில்லை.

"நல்ல வேளை மாமா, அது எங்கள் தொழிற்சாலையில் செய்த வண்டி இல்லை!" என்றான் பையன்.

"கேட்டாயா அண்ணா, இவன் பேச்சை!" என்றாள் தங்கை. "நாளைக்கே அந்தச் சைக்கிளை விற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் போகாத மலை ஒன்று எங்கே இருக்கிறதென்று எனக்குக் காட்டட்டும். அங்கே போவதானால் நானே புளியோதரை கட்டிக் கொடுக்கிறேன்."

தாயார் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஆகையால் இந்த வாரம் அதற்குப் பதில் தேடுவதென்று தீர்மானித்தேன்.

முதலில் உள்ளூரைப் பார்ப்போம். எங்கள் செம்பரம்பாக்கத்தில் மலை கிடையாது, ஏரி உண்டு. சென்னைப் பட்டணத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் பெரிய ஏரி. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தின்போது இதன் பெயரை உச்சரிக்காத வாய் தமிழ்நாட்டில் இருந்திராது. ஏரியைத் தாண்டிவிட்டால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைகள். 1998-ல் ஹுண்டாய் வந்தது. 2010-ல் ரெனோவும் நிஸானும் சேர்ந்து ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தன. ராமானுஜர் அவதரித்த ஊருக்குப் பக்கத்தில் இப்போது மோட்டார்கள் அவதரித்துக்கொண்டிருக்கின்றன. இதனால் எத்தனையோ ஆயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகிறவன் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிக்கும் இன்னொரு பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மோட்டாருக்கு வெகு காலம் முன்பே, 1949-ல், இங்கிருந்து அதிக தூரமில்லாத அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் என்னும் தொழிற்சாலை ஏற்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? நம்மில் பலருடைய தகப்பனார்கள் ஆபீஸுக்குப் போனதும், நாம் பள்ளிக்கூடம் போனதும் அந்தச் சைக்கிள்களில்தான். சைக்கிளை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதை ஓட்டுவதற்குப் பயமில்லாத பாதைதான் குறைந்துவிட்டது.

சரி, மோட்டார் இல்லாத மலை உண்டா? உண்டு. பம்பாய்க்குக் கிழக்கே மாதேரான் என்று ஒரு மலை வாசஸ்தலம் இருக்கிறது. வெளியூர் மோட்டார்கள் எல்லாம் தஸ்தூரி என்ற இடத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் கால்நடைதான், அல்லது குதிரை. 1907-ல் போட்ட சின்ன ரயில் பாதை ஒன்றும் உண்டு. நோயாளிகளுக்கு ஆம்புலன்ஸ் உண்டு. மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்ஷாவுக்குப் பதிலாகச் சமீபத்தில் பாட்டரி ரிக்ஷா வந்திருக்கிறது. மற்றபடி அந்த மலையில் பெட்ரோல் வாசனை கிடையாது. மோட்டார் இல்லாவிட்டால் பிரயாணிகள் வரமாட்டார்கள், கடைக்காரர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று சொல்கிறவர்கள், விடுமுறை நாளில் அங்கே கூடும் கூட்டத்தை ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

ஆனால் தமிழ்நாட்டு மலைகளை ஒரே நாளில் மாதேரான் ஆக்கிவிட முடியாது. நம் மலைகளில் ஊர்கள் இருக்கின்றன, தோட்டங்கள் இருக்கின்றன, காய்கறி இறங்க வேண்டும், அரிசி ஏற வேண்டும். ஆகையால் வேறொரு வழியைக் கவனிப்போம். பாதையை என்றென்றைக்கும் அடைக்காமல், சில மணி நேரம் மட்டும் அடைக்கும் வழி.

இது நமக்குப் புதிதல்ல. பந்திப்பூர்க் காட்டின் வழியாகப் போகும் சாலைகளில் 2009-ம் வருஷம் முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரையில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. சத்தியமங்கலத்துக்கு மேலே, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப் பாதையிலும் சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவினால் 2022-ம் வருஷம் இரவுக் கட்டுப்பாடு வந்தது. இவை யானைக்காகவும் புலிக்காகவும் மானுக்காகவும் ஏற்பட்டவை. அந்த நேரத்தில் மோட்டார் போகக் கூடாது என்றால் சைக்கிளும் போகக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். இருட்டில் சத்தமில்லாமல் வரும் சைக்கிளும் திடீரென்று யானையும் சந்தித்துக்கொண்டால் இருவருக்கும் க்ஷேமமில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விஷயம்: நல்ல காரணம் இருந்தால் ஒரு பெரிய நெடுஞ்சாலையைக்கூடக் கடிகாரத்தைப் பார்த்து மூடித் திறக்கலாம்; தேசம் மூழ்கிவிடாது.

அதே போல, மலை எத்தனை மோட்டாரைத் தாங்கும் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி முதல் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று ஏற்பட்டது. 2025 கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 வண்டிகள் என்று ஹைகோர்ட்டு கணக்கு வகுத்தது. வாரக் கடைசியில் எண்ணாயிரம் என்பது குறைத்த கணக்கு என்றால், குறைக்காத கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதன் நடுவில் ஒரு சைக்கிளை வைத்துப் பாருங்கள். என் மருமானின் முழங்கை நினைவுக்கு வரும்.

வெளி தேசங்களில் என்ன செய்கிறார்கள்? தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டா, கடல் மட்டத்துக்குச் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், மலைகளின் மடியில் இருக்கும் நகரம். அங்கே 1974-ம் வருஷம் ஒரு வழக்கம் தோன்றியது. இன்று ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையில் 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தெருக்களை மோட்டாருக்கு மூடிவிடுகிறார்கள். பாட்டி நடக்கிறாள், பேரன் சைக்கிள் விடுகிறான். 2 மணி அடித்ததும் தெரு மறுபடி மோட்டாருக்குத் திரும்புகிறது.

இத்தாலியின் வடக்கே டோலமைட் என்னும் மலைத் தொடர் இருக்கிறது. பைன் மரக் காடுகளுக்கு மேலே மொட்டைப் பாறைச் சிகரங்கள். அங்கே செல்லா என்ற மலைக் கூட்டத்தைச் சுற்றி நான்கு கணவாய்கள். பல வருஷங்கள், வருஷத்தில் குறிப்பிட்ட தினங்களில் அந்த நான்கு கணவாய்களையும் பகல் பொழுதில் மோட்டாருக்கு அடைத்துவிட்டு, சைக்கிள்காரர்களை விட்டிருக்கிறார்கள். பந்தயம் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் குழந்தை குட்டிகளுடன் ஏறி இறங்கியிருக்கிறார்கள். பிரான்ஸு தேசத்து ஆல்ப்ஸ் மலைகளிலும் கோடைக் காலத்தில் சில கணவாய்களைச் சில காலை வேளைகளில் சைக்கிளுக்கென்றே ஒதுக்குகிறார்கள். வருஷத்தில் சில நாள், சில மணி நேரம். அதற்கே அவ்வளவு சந்தோஷம்!

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். சேர்வராயன் மலை மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சில்வர் ஓக் மரமுமாக வழியெல்லாம் நிழல். சேலத்திலிருந்து அதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் பிரதான பாதை. மற்றொன்று மலையின் வேறு பக்கமாகக் குப்பனூர் வழியாகப் போவது. ஊருக்கு இரண்டு வாசல்கள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 6 மணி முதல் 9 மணி வரையில் ஒரு வாசலைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டு, மற்றொன்றில் மோட்டார்களை விடுவதில் என்ன கஷ்டம்? நீலகிரியில் கோடை சீஸனில் குன்னூர் வழியாக ஏறு, கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸார் வண்டிகளைப் பிரித்து அனுப்புவதில்லையா? மோட்டாரின் சௌகரியத்துக்காகச் செய்யக்கூடிய ஏற்பாட்டை மனிதனின் முழங்கைக்காகவும் செய்யலாம்.

ஆட்சேபங்கள் வரும். மலைமேல் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி அவசரம் வந்தால்? ஆம்புலன்ஸுக்கு எந்தப் பாதையும் எந்த நேரமும் திறந்தே இருக்க வேண்டும். பாலும் பஸ்ஸும்? அவை மற்ற வாசல் வழியாகப் போகட்டும். அல்லது அந்த மூன்று மணி நேரத்திலும் பஸ் ஒன்றை மட்டும் மெதுவாக விடட்டும். எந்தக் கிழமை, எந்த நேரம் என்பதை மலைமேல் குடியிருப்பவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மலை அவர்களுடைய வீடு, நாம் விருந்தாளிகள். வியாபாரம் போய்விடுமே என்று டீக்கடைக்காரர் பயப்பட வேண்டாம். மோட்டாரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். சைக்கிளில் ஏறுகிறவனோ கடைக்குக் கடை இறங்கி டீயும் வடையும் கேட்பான். கேட்காமல் அவனால் மலை ஏற முடியாது.

சைக்கிள்காரர்களுக்கும் சில கடமைகள் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை. இறங்கும்போதுதான் ஆபத்து. ஒரே பிரேக்கை விடாமல் பிடித்தால் சக்கரத்தின் விளிம்பு சுடும், பிடிப்பும் தளரும். இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வழியில் காட்டெருமை நின்றால் மணி அடிக்காமல் தூரத்தில் நின்று, அது நகர்ந்த பிறகு போக வேண்டும். வாழைப்பழத் தோலையும் பிளாஸ்டிக் காகிதத்தையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மோட்டார்க்காரர் செய்வதையே நாமும் செய்தால் நமக்கு மட்டும் பாதை கேட்க என்ன பாத்தியதை?

இவ்வளவையும் எழுதித் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். அவள் கடைசி வரையில் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, அண்ணா. மோட்டார் போகாத மலை இத்தாலியில் இருக்கிறது, பிரான்ஸில் இருக்கிறது. ஏற்காட்டில் இன்னும் வரவில்லையே?" என்றாள்.

"வரவில்லை, அம்மா" என்று ஒப்புக்கொண்டேன்.

"வரட்டும். அது வரையில் சைக்கிளை விற்க வேண்டாம்" என்றாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாசலில் மணிச் சத்தம் கேட்டது. முழங்கைக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. ஏரிக்கரை ஓரமாக லாரிகள் விழித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு சுற்று வருவதற்குப் புறப்பட்டிருந்தான் மருமான். கைப்பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. புளியோதரை வாசனை அடித்தது.