விழுந்த போனும் கடைக் கணக்கும்

எதையும் தாமே திருத்திப் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தராசு பழுதானாலும் மின்விசிறி நின்றாலும் முதலில் தேடுவது திருப்புளியைத்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறி 360 ரூபாவையும் தாண்டியபோது, புதிய போன் வாங்குவது பெருஞ்செலவாகிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பழக்கம் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. கீழே விழுந்த போனை யூடியூப் பார்த்து வீட்டிலேயே திறந்தேன் என்று சொல்பவர்களை எங்கள் மத்திய வீதியில் அடிக்கடி சந்திக்கிறேன்.

செலவைக் குறைப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் வியாபாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது?

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர், கடன் கொடுத்த கணக்கை முழுவதும் போனிலேயே வைத்திருந்தார். வேறெங்கும் பிரதி இல்லை. கண்ணாடி வெடித்ததும் வீட்டுக் கத்தியால் நெம்பித் திறந்தார். கத்தி முனை பற்றரியில் இறங்கியது. புகை வந்தது, போனை முற்றத்தில் வீசினார்கள். வீடு தப்பியது, கணக்கு தப்பவில்லை. இப்போது அவர் முப்பத்தைந்தாயிரம் என்கிறார், வாங்கியவர் இருபதாயிரம் என்கிறார். யாரிடம் போய் முறையிடுவது?

போன் விழுந்தால் முதலில் சிம்மைக் கழற்றிப் பழைய போன் ஒன்றில் போடுங்கள். வங்கியின் இரகசிய இலக்கம் அதற்குத்தானே வரும்? அடுத்து, கணக்கையும் வாட்ஸ்அப்பையும் பிரதி எடுங்கள். திரை தெரிகிறது, விரலுக்கு மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் ஓ.டி.ஜி. இணைப்பியைச் செருகி கம்பியூட்டர் மவுஸை மாட்டலாம். திரையில் அம்புக்குறி வரும். சில நூறு ரூபாச் சாமான், பல இலட்சம் ரூபாக் கணக்கை மீட்டுத் தரும்.

அதன்பின் திறப்பதா இல்லையா என்று யோசிக்கலாம். பின்மூடி கையால் கழலும் பழைய போன் என்றால் பற்றரியை மாற்ற யார் தயவும் வேண்டாம். இன்றைய போன்களோ பசையால் ஒட்டப்பட்டவை. சூடாக்கித்தான் பிரிக்க வேண்டும். பிரித்தபின் தண்ணீர் புகாத தன்மையை நம்ப முடியாது. அப்பிள் நிறுவனம் 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐபோனை வீட்டிலேயே திருத்த உதிரிப்பாகமும் கருவியும் தர முன்வந்தது. வாடகைக்கு வந்த கருவிகள் இரண்டு பெட்டிகள், எடை சுமார் 36 கிலோ! செய்தவனுக்கே இவ்வளவு தேவைப்படும்போது நம்முடைய சமையலறைக் கத்தி எம்மட்டு? பற்றரி உப்பியிருந்தால் பேச்சே வேண்டாம். சார்ஜும் போடாதீர்கள், தொடவும் வேண்டாம், கடைக்கு எடுத்துப் போங்கள்.

துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இன்னொரு தொல்லை கடல். கடலில் விழுந்த போனை அரிசிக்குள் புதைப்பது வீண்வேலை. அப்படிச் செய்ய வேண்டாம் என்று அப்பிளே சொல்லியிருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருந்து செம்பை அரிக்கும். போனை அணைத்து, சார்ஜ் போடாமல், அன்றைக்கே திருத்துபவரிடம் கொடுத்து ஸ்பிரிட்டால் கழுவச் சொல்லுங்கள்.

திருத்தும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. போடுவது ஒரிஜினல் திரையா, கொப்பியா என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். மலிவான கொப்பித் திரை போட்டால் சில போன்களில் திரைக்கடியிலுள்ள விரலடையாளம் வேலை செய்யாது. ஐபோன் 11 முதல் வந்தவை, திரை தன்னுடையதல்ல என்று தாமே காட்டிக் கொடுக்கும். வாடிக்கையாளரின் இரகசிய இலக்கத்தையும் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லி, அதன்பின் காசை வாங்குங்கள்.