வள்ளி தோற்கக் கூடாது!

2018-ம் வருடம் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கணவனும் மனைவியும் ஒரே போட்டியில் தனித்தனிப் போட்டியாளர்களாக நின்று பாடினார்கள். கணவர் செந்தில் கணேஷ், புதுக்கோட்டை மாவட்டம் களபம் கிராமத்துக்காரர். மனைவி ராஜலட்சுமி, திண்டுக்கல் பக்கம். இருவரும் அதற்கு முன்பே கிராமத்து மேடைகளில் ஜோடியாக நாட்டுப்புறப் பாட்டு பாடி வந்தவர்கள். அந்த வருடம் ஜூலை மாதம் நடந்த இறுதிச் சுற்றில் பட்டம் செந்தில் கணேஷுக்குக் கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் காப்பி குடித்துவிட்டு, ஒரே வண்டியில் கிளம்பி வந்து, ஒரே மேடையில் எதிரெதிராக நிற்கும் இருவர். பரிசு ஒருவருக்குத்தான். காதல் நகைச்சுவை நாவல் எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும்? (அந்தத் தம்பதியின் வாழ்க்கையை நாவலாக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அது அவர்கள் சொந்த விஷயம். முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.)

டிவி பாட்டுப் போட்டி என்பது இன்று உலகம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த சரக்கு. 2001-ல் இங்கிலாந்தில் பாப் ஐடல், 2002-ல் அமெரிக்கன் ஐடல், 2004-ல் இந்தியன் ஐடல், 2006-ல் நம்ம ஊர் சூப்பர் சிங்கர். அதை வைத்து ஒரு காதல் கதை என்றால் அதற்கும் ஒரு அச்சு தயாராக இருக்கிறது. அவனும் அவளும் போட்டியாளர்கள். முதலில் முறைப்பு, பிறகு சிரிப்பு, பிறகு காதல். கடைசிச் சுற்றில் இருவரில் ஒருவர், காதலுக்காக, வேண்டுமென்றே ஸ்வரம் பிசகிப் பாடித் தோற்றுப் போவார். மற்றவர் கண் கலங்குவார். சுபம்.

அந்த "ஒருவர்" யாராக இருப்பார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. பெரும்பாலும் அவள்தான்.

இந்த விட்டுக்கொடுக்கும் வியாபாரம் சினிமாவுக்குப் பழசு. ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கி 1973-ல் வந்த "அபிமான்" இந்திப் படத்தில் கணவன் பிரபல பாடகன். மனைவியையும் பாட வைக்கிறான். அவள் அவனைத் தாண்டிப் போனதும் பொறாமையில் வேகிறான். அவள் பாடுவதையே விட்டுவிடுகிறாள். கடைசியில் இருவரும் சேர்ந்து மேடையில் பாடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் அவள் கொடுத்த விலை அதிகம். நல்ல படம். ஆனால் அதே கதையைச் சிரிப்புச் சாயம் பூசி இன்னும் எத்தனை தடவை சொல்வது?

தமிழில் இதற்கு மாற்றாக ஒரு முன்னோடி உண்டு. கொத்தமங்கலம் சுப்பு 1950-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய "தில்லானா மோகனாம்பாள்". நாதஸ்வர வித்வானுக்கும் நாட்டியக்காரிக்கும் நடுவே கர்வம், போட்டி, காதல் எல்லாம் உண்டு. சுற்றிலும் சிரிக்க வைக்கிற மனிதர்கள். 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்த பிறகு சிவாஜி, பத்மினி முகங்கள்தான் எல்லோர் மனதிலும் நிற்கின்றன. அந்தக் கதையின் பலம் எது? அவன் அவளுடைய ஆட்டத்தைப் பார்த்து மயங்குகிறான், அவள் அவனுடைய வாசிப்பைக் கேட்டு மயங்குகிறாள். வித்தையை எடுத்துவிட்டால் அங்கே காதலே கிடையாது. டிவி போட்டியை வைத்து எழுதுகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

இரண்டாவது நூல் புதுக்கோட்டையிலேயே கிடைக்கிறது. காதல் மன்னன் என்று பேர் வாங்கிய ஜெமினி கணேசன் பிறந்த ஊர் அது. பாடி நடித்தே கொடி நாட்டிய பி.யு. சின்னப்பா பிறந்ததும் அங்கேதான். காதலும் பாட்டும் அந்த மண்ணுக்குப் புதுசில்லை. அந்தச் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் இன்றும் "வள்ளி திருமணம்" நாடகம் போடுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் விடியும் வரை போகும். பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போன பிறகு, தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து தர்க்கம் செய்வார். அப்புறம் வேடன் வேஷத்தில் முருகன் வந்து வம்புக்கு இழுப்பார். அவர் ஒரு பாட்டு, இவள் ஒரு பாட்டு. அவர் ஒரு கேள்வி, இவள் ஒரு பதில். ஆர்மோனியம் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. அதனால் தர்க்கத்தில் உண்மையான போட்டி இருக்கும். அடுத்து எதிராளி எதைக் கேட்பார் என்று நிச்சயமாகத் தெரியாது. வள்ளி வேஷம் கட்டியவர் சட்டென்று பதில் சொல்லி மடக்கினால் கூட்டம் கைதட்டும். தடுமாறினால் சுக்குக்காப்பிக் கடை பக்கம் எழுந்து போய்விடும்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசியில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் என்பது மணலில் குந்தியிருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்தும் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. வழியில் நடக்கிற தர்க்கம்தான் ருசி. முருகனைக் கல்யாணம் செய்யப் போகிறோமே என்று வள்ளி தர்க்கத்தில் பாதியிலேயே விட்டுக்கொடுத்தால் நாடகம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். காதல் நகைச்சுவை நாவலுக்கும் இதே விதிதான். கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதான் வாசகர் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார். அவருக்கு வேண்டியது சரிக்குச் சரியான வாய்.

"இதெல்லாம்தான் டிவியிலேயே காட்டுகிறார்களே, நாவல் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மா.கா.பா. ஆனந்தும் பிரியங்காவும் போட்டியாளர்களைக் கலாய்க்கிறார்கள், ஜோடிப் பொருத்தம் பார்க்கிறார்கள், சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் டிவிக்கு முகம் மட்டுமே போதும். முடிவு அறிவிக்கும் முன் கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும். தாளவாத்தியம் படபடக்கும். விளம்பர இடைவேளை வரும். கணவன் பெயர் அறிவிக்கப்பட்ட நொடியில் மனைவியின் முகத்தில் சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை பங்கு சந்தோஷம், எத்தனை பங்கு "நானும்தானே நல்லா பாடினேன்" என்ற நினைப்பு? இரண்டும் ஒரே மனதில் ஒன்றாக இருக்க முடியும். இரண்டுமே பொய் இல்லை. இதைக் கேமராவால் எடுக்க முடியாது. நாவல் எழுதுகிறவரால் முடியும். அதுவும் சிரிக்கச் சிரிக்கவே எழுத முடியும். ராத்திரி வீட்டுக்குப் போய் தோசை வார்த்துக்கொண்டே "அந்த ரெண்டாவது சரணத்துல நீ மூச்சு வாங்கினியே, நடுவர் கவனிக்கலை போல" என்று அவள் சொன்னால் போதாதா? ஒரு அத்தியாயம் ஓடிவிடும்.

நிஜத்தில் என்ன ஆயிற்று என்று பார்த்தாலும் அந்தப் பழைய அச்சு உடைந்துதான் போகிறது. பட்டம் கணவருக்கு வந்தது, ஆனால் மனைவி வீட்டுக்குள் முடங்கவில்லை. 2019-ல் வந்த சார்லி சாப்ளின் 2 படத்தில் "சின்ன மச்சான்" பாட்டை இருவரும் சேர்ந்து பாடினார்கள். அதே வருடம் விஸ்வாசம் படத்திலும் ஜோடியாகப் பாடினார்கள். அசுரன் படத்து "கத்தரிப் பூவழகி" பாட்டில் ராஜலட்சுமியின் குரல் உண்டு. 2021-ல் புஷ்பா படத்தின் தமிழ்ப் பதிப்பில் "வாயா சாமி" பாடியவர் அவர்தான். 2023-ல் லைசென்ஸ் படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். யார் யாரைத் தாண்டினார்கள் என்று கணக்குப் பார்ப்பது அபத்தம். ஒருவர் உயர இன்னொருவர் குனிந்தே ஆக வேண்டும் என்பது கதாசிரியர்களின் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

நம் காதல் நாவல்கள் நிறைய கல்யாண மண்டப வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் ஆசை இருக்கும், திறமை இருக்கும், ஒரே ஒரு கோப்பை இருக்கும், என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குள் போக எழுத்தாளர்கள் தயங்குகிறார்கள். இன்று படித்த, வேலைக்குப் போகிற எத்தனையோ வீடுகளில் இதே கேள்விதான் வேறு வேஷத்தில் நிற்கிறது. ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு இடமாற்றம். யார் விட்டுக்கொடுப்பது? பாட்டுப் போட்டி நாவல் பாட்டைப் பற்றி மட்டும் இருக்காது என்பது இதனால்தான்.

ஆகவே யாராவது இந்த நாவலை எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். கதாநாயகி ஜெயிக்கலாம். தோற்கவும் செய்யலாம். எதிராளி அவளைவிட நன்றாகப் பாடித் தோற்றால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் காதலுக்காக வேண்டுமென்றே மட்டும் தோற்க விடாதீர்கள். விடிய விடிய மணலில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் அதற்குக் கைதட்ட மாட்டார்கள்.