நீங்கள் கேட்டவை: கூலிங் கிளாஸ் நிஜமாகவே ‘போலரைஸ்டு’தானா?

‘‘மீன் குளத்தில் வெயில் பட்டுத் தண்ணீர் பளபளப்பதால், மீன் நடமாட்டம் தெரிவதில்லை. சந்தையில் ‘போலரைஸ்டு’ என்று சொல்லி ஒரு கூலிங் கிளாஸ் கொடுத்தார்கள். அது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’’

- வாசகர், பேராவூரணி.

‘‘வீட்டில் கால்குலேட்டர் இருந்தால் போதும். அதில் எண்களை அழுத்திவிட்டு, கூலிங் கிளாஸின் ஒரு வில்லை வழியாகப் பாருங்கள். அப்படியே கண்ணாடியை வண்டிச் சக்கரம்போல மெள்ளத் திருப்புங்கள். ஏதாவது ஒரு நிலையில் திரை முழுக்கக் கறுத்துவிட்டால், அது போலரைஸ்டு. எப்படித் திருப்பினாலும் எண்கள் ஒரே மாதிரி தெரிந்தால், வெறும் கறுப்புக் கண்ணாடிதான். செல்போனை வைத்துச் சோதித்துவிட்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். சில போன்களின் திரை கறுக்காது.

உங்களிடம்தான் குளமே இருக்கிறதே! காலை 9 மணி வாக்கில், சூரியன் எதிரே இருக்கும்படி கரையில் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள். பளபளப்பு அடங்கும். தலையைத் தோள் பக்கம் சாய்த்தால், மறுபடியும் கூசும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. அதைத்தான் இந்த வில்லை தடுக்கிறது. ஆனால், கலங்கிய குளத்தில் எந்தக் கண்ணாடி போட்டாலும் மீன் தெரியாது.

இன்னொன்று, போலரைஸ்டு வேறு, புற ஊதாக்கதிர் தடுப்பு வேறு. இந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியைப் போட்டால், இருட்டுக்குக் கண்மணி விரிந்து, அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். வருடக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணில் சதை வளர இந்தக் கதிரும் ஒரு காரணம். எனவே, ‘யு.வி 400’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தைச் சரக்கில் ஸ்டிக்கரை மட்டும் நம்ப முடியாது. கண்ணாடிக் கடைகள் சிலவற்றில் இதற்கான மீட்டர் இருக்கும். கொண்டுபோய்க் காட்டுங்கள்.’’