குற்றவாளி புரோகிராம் அல்ல!

அறிவியல் கண்காட்சி என்றால் அர்டுயினோ போர்டு இல்லாத மேசையே இல்லை எனலாம். 2005-ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகவே பிறந்த அச்சிறு பலகை ஆண்டிபட்டி வரை வந்து சேர்ந்தது மகிழ்ச்சியே. ஆனால், பார்ப்பவர் முன்னிலையில் அது திடீரென நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கினால், உடனே புரோகிராமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். முதலில் விசாரிக்க வேண்டியது வோல்டேஜை என்பது என் கருத்து.

சிறிய 9 வோல்ட் பாட்டரி ஒன்றிலேயே போர்டையும் மோட்டாரையும் ஓட்டப் பார்ப்பவர் பலர். மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரியும். யூனோ போர்டின் சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒழுங்காக இயங்க ஏறத்தாழ 3.8 வோல்ட் வேண்டும். 2.7-க்குக் கீழே போனால்தான் தன்னை நிறுத்திக்கொள்ளும். இடைப்பட்ட நிலையில் அது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது!

நிற்பதைக்கூடப் பொறுக்கலாம், பொய் சொல்வதைப் பொறுக்க முடியுமா? எல்.எம்.35 வெப்ப உணரி 30 டிகிரியில் 300 மில்லிவோல்ட் தரும். போர்டு அதைத் தன் 5 வோல்ட்டோடு ஒப்பிட்டே அளக்கிறது. அந்த 5 வோல்ட் 4.5 ஆகிவிட்டால் திரையில் தெரிவது 33 டிகிரி. சில்லுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலைத் தேர்ந்துகொண்டால் இந்தப் பொய் ஒழியும்.

மற்ற மருந்துகளும் எளியவையே. மோட்டாருக்குத் தனி சப்ளை, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். மோட்டார் பக்கம் ஒரு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. சில்லின் காலருகே ஒரு 0.1.

சீனர் டயோடு சோதனையை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள்தாமே நாம்? எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் கிணற்று மோட்டாரைப் போடுமுன் வோல்ட்மீட்டர் முள்ளைப் பார்ப்பார். முள் இறங்கியிருந்தால் பச்சைப் பொத்தானைத் தொடமாட்டார். பட்டப்படிப்புக்கு வந்த நமக்கு அந்தப் பழக்கம் ஏன் இல்லை?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் நிற்கையில் எத்தனை வோல்ட், புறப்படுகையில் எத்தனை வோல்ட் என்ற இரண்டு எண்களைப் புராஜெக்ட் ரெக்கார்டின் முதல் பக்கத்திலேயே கேளுங்கள். கணநேரச் சரிவு மல்டிமீட்டரில் அகப்படாது, சி.ஆர்.ஓ. வேண்டும். அது நம் ஆய்வகத்தில் உறை போர்த்தியபடி இருக்கத்தான் இருக்கிறது.