வேர் பிடித்த மண்



மாசிக் கடைசியில் பெண்ணாடம் போயிருந்தேன். கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் காலம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் ஊருக்குள் போக முடிந்தது. பிரளயகாலேஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வெள்ளாற்றுப் பக்கம் இருக்கும் பெரியப்பாவின் வயலுக்கு நடந்தேன். வெட்டி முடித்த வயலில் ஒரு கரும்புக் கட்டையை மண்வெட்டியால் பெயர்த்து என் கையில் கொடுத்தார். "நல்லா உதறு" என்றார். உதறினேன். கட்டி கட்டியாக மண் கொட்டியது. வேரைச் சுற்றி உறை போட்டதுபோல ஒட்டியிருந்த மண் மட்டும் விழவே இல்லை.

"இதுதான்ப்பா வேர் பிடிச்ச மண்ணு. மோந்து பாரு, அந்த மண்ணு வாசனையே வேற" என்றார் பெரியப்பா.

மண் ஆய்வாளர்களும் இதையேதான் செய்கிறார்கள். செடியைப் பிடுங்கி உதறி, விழுந்த மண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு, விழாமல் ஒட்டிய மண்ணைத்தான் சோதனைச்சாலைக்கு எடுத்துப் போகிறார்கள். 1904-இல் ஜெர்மனியின் லோரன்ஸ் ஹில்ட்னர் இந்தப் பகுதிக்கு ரைசோஸ்பியர் என்று பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். எனக்கு வேர் பிடித்த மண் என்ற பெரியப்பாவின் சொல்லே பிடித்திருக்கிறது.

இலை வெயிலில் சமைத்த சர்க்கரை முழுவதையும் செடி தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. வேர் வரை இறங்கியதில் ஒரு பங்கை மண்ணில் கசிய விடுகிறது. அதில் சர்க்கரை இருக்கும், அமினோ அமிலங்கள் இருக்கும், வழவழப்பான பசை இருக்கும். இளம் வேரின் நுனியில்தான் இந்தக் கசிவு அதிகம். அந்தச் சாப்பாட்டுக்குக் கூடும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சும்மா தின்றுவிட்டுப் போவதில்லை. பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கின்றன. மண் துகள்களை ஒட்டிக் குருணை குருணையாக ஆக்குகின்றன. எல்லாச் செடிக்கும் ஒரே கூட்டம் கூடுவதும் இல்லை. நிலக்கடலை போன்ற பயறுவகைச் செடியின் வேர், ரைசோபியத்துக்கென்றே சில வேதிப்பொருள்களை விட்டு அதை அழைக்கிறது. வந்த ரைசோபியம் வேர் முடிச்சில் தங்கிக் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. கரும்புக்குள்ளேயே குடியிருந்து தழைச்சத்து பிடிக்கும் ஒரு பாக்டீரியாவை 1980-களின் இறுதியில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் குழுவினர் கண்டுபிடித்தார்கள். நம் கரும்பு விவசாயிகளுக்கு உயிர் உரமாகச் சொல்லப்படும் குளுக்கோனசிட்டோபாக்டர் அதுதான்.

இனி கரிமத்தின் கதைக்கு வருகிறேன். வேர்க் கசிவோடு தின்ற கரிமத்தில் ஒரு பகுதியை நுண்ணுயிர் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. மீதியை மூச்சாக விட்டுவிடுகிறது. அது கரியமில வாயுவாக மேலே போய்விடும். உடம்பாக மாறியது, நுண்ணுயிர் செத்த பிறகு களிமண் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் தங்கிவிடக்கூடும். பக்கத்து விருத்தாசலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது செராமிக் தொழில். அங்கே களிமண்ணைச் சூளையில் வைத்துப் பீங்கான் ஆக்குகிறார்கள். அதே களிமண் வயலில் கிடக்கும்போது கரிமத்தைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்கிறது. முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் மணல் அதிகம், பிடிமானம் குறைவு. அதனால் அங்கே கரிமத்தைத் தங்கவைப்பது கடினம்.

வேர் கொடுப்பதெல்லாம் மண்ணில் சேமிப்பாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். சர்க்கரை கிடைத்துத் தெம்பான நுண்ணுயிர்கள், தழைச்சத்து போதவில்லையென்றால் மண்ணில் பழையதாகக் கிடக்கும் மக்கையும் உடைத்துத் தின்னும். அப்போது புதுக் கரிமம் வரும் வழியிலேயே பழைய கரிமமும் வெளியேறுகிறது. எந்தப் பயிர், எந்த மண், எவ்வளவு தழைச்சத்து என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். இருந்தாலும் மொத்தத்தில் வேரின் பக்கம்தான் தட்டு தாழ்கிறது. 2005-இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், வேரிலிருந்து வந்த கரிமம் இலை, தண்டிலிருந்து வந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான காலம் மண்ணில் தங்குவதாகக் கணக்கிட்டார்கள்.

எந்தக் கரிமம் எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? இதற்குக் கரும்பே சாட்சி சொல்கிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கரிமத்தைப் பிடிக்கும் முறை நெல்லுக்கும் கடலைக்கும் உள்ள முறையிலிருந்து வேறுபட்டது. அதனால் கார்பன்-13 என்ற சற்றே கனமான அணு கரும்பில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த நிலத்தில் கரும்பு நட்டால், சில ஆண்டுகளில் மண்ணின் கரிமத்தில் அந்த அடையாளம் ஏறத் தொடங்கும். எவ்வளவு புதுசு, எவ்வளவு பழசு என்று அளந்து சொல்லிவிடலாம்.

பெரியப்பாவின் வயலுக்கு மூன்று வயல் தள்ளிக் கரும்பின் காய்ந்த இலையான சோகைக்குத் தீ வைத்திருந்தார்கள். புகை எங்கள் பக்கம்தான் அடித்தது. ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் சோகை. அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பல்சத்து. கொளுத்துகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் கிடைப்பதில்லை, மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்புக்குச் சீக்கிரம் தண்ணீர் கட்டியாக வேண்டும். சோகையை அப்படியே விட்டால் பயிர் முதலில் வெளுப்பதும் உண்மைதான். சோகையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் பயிருக்கு உரிய தழைச்சத்தைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் சோகையைத் தூளாக்கிப் பரப்பி, கொஞ்சம் யூரியாவும் மக்கவைக்கும் நுண்ணுயிர்க் கலவையும் தூவச் சொல்கிறார்கள். பெரியப்பா இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறார். கட்டையோடு வந்த அந்த மண் உறையை நான் அவர் வயலில்தான் பார்த்தேன்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. நூறாண்டு தாண்டியும் பாத்திக்குப் பாத்தி அதே உரத்தையே போட்டு வருகிறார்கள். தொழுவுரம் பெற்ற பாத்திகளில் கரிமமும் நுண்ணுயிரும் கூடுதல். இதைக் கேட்டு யாரும் வியக்கமாட்டீர்கள். நான் கவனித்தது வேறு. உலகின் பல நீண்டகாலச் சோதனைகளில், சமச்சீராக உரம் பெற்றுச் செழித்த பயிரின் நிலத்தில், எந்த உரமும் இல்லாமல் மெலிந்த பயிரின் நிலத்தைவிடக் கரிமம் அதிகம். பயிர் செழித்தால் வேரும் செழிக்கிறது, மண்ணுக்கு அதன் பங்கு போய்ச் சேர்கிறது. தரிசாகக் காயும் நாட்களில் அந்தப் பங்கு நின்றுபோகிறது. நெல் அறுத்த கையோடு உளுந்து தெளித்த நம் முன்னோர், கொழிஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதவர்கள், நிலத்தில் உயிருள்ள வேர் இல்லாத நாட்களைத்தான் குறைத்தார்கள். அரசின் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுப்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

உங்கள் வீட்டில் மண்வள அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கும். 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்லது. அட்டை இல்லாதவர்கள் வயலிலோ கொல்லையிலோ ஒரு செடியை வேரோடு பெயர்த்து உதறிப் பாருங்கள். எவ்வளவு மண் விழாமல் நின்றது, வாசனை எப்படி இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். ஊரையும் பயிரையும் குறிப்பிட மறந்துவிடாதீர்கள். வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்