கொட்டப்பட்டுக்குக் குடியுரிமை வேண்டும்

ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குத் தனிச் சந்நிதி உண்டு. பெருமாள் மீது காதல் கொண்டு டெல்லியிலிருந்து தேடி வந்த சுல்தானின் மகள் என்பது ஐதீகம். சிலை கிடையாது, சுவரோவியமாக இருக்கிறார். அவருக்காகப் பெருமாள் காலையில் ரொட்டி அமுது செய்கிறார். வேற்று மதத்துப் பெண்ணை நாச்சியார் என்று அழைக்கத் திருவரங்கம் தயங்கவில்லை.

அந்நியரை ஏற்கும் இந்தப் பண்பு எபிரேய வேதத்திலும் உண்டு. அங்கே விருந்தோம்பல் என்றால் ஆபிரகாம்தான் முதலில் நினைவுக்கு வருவார். மம்ரேயில், கொளுத்தும் வெயிலில், முன்பின் தெரியாத மூவரைக் கண்டதும் எழுந்து ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர், சாரா சுட்ட அப்பம், இளங்கன்றின் கறி, பால். அவர்கள் சாப்பிடும்வரை மரத்தடியில் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் அந்த வேதம் சாப்பாட்டோடு நிற்கவில்லை. உள்ளூரானுக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்கிறது லேவியராகமம். வயலோரக் கதிரை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்களே என்பதுதான் காரணம். அந்த வழக்கத்தை நம்பித்தான் மோவாபியப் பெண் ரூத், பெத்லெகேமில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள். பின்னாளில் தாவீது அரசனுக்கே கொள்ளுப்பாட்டி ஆனாள்.

சோறு மட்டும் போதாது, ஒரே சட்டமும் வேண்டும் என்ற அந்த அளவுகோலை நம் ஊருக்கும் வைத்துப் பார்ப்போம். திருச்சி விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களுக்குத் தமிழ்நாடு சோறு போட்டது, படிக்க வைத்தது. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, புது வீடுகளையும் அறிவித்தது. இது சிறிய காரியமல்ல.

குடியுரிமையோ டெல்லியின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. இந்திய மண்ணில் பிறந்திருந்தாலும், 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ என்றால் குடியுரிமைக்குப் பிறப்பு மட்டும் போதாது. அதற்கு முன் பிறந்த கொட்டப்பட்டுவாசி ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போராடி வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள் இங்கேயே பள்ளி முடித்து, வேலைக்குப் போய், பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். இன்னும் அயலார்தான். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு என்று 2025-இல் மத்திய அரசு ஆணையிட்டது. சிறை இல்லை என்றால் குடிமகன் ஆகிவிட முடியுமா?

இவர்களில் பலர் மலையகத் தமிழர். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்டவர்களின் வாரிசுகள். அப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனிலேயே மதுரைக் கிளை சொன்னது.

2019 சட்டத்தில் உள்ள மூன்று நாடுகளோடு இலங்கையின் பெயரையும் நாடாளுமன்றம் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பாராமல் ஒரே குரலில் இதைக் கேட்க வேண்டும்.